மிடல்ஹார்னிஸ் சாலை: ஒரு நிலக்காட்சி ஓவியத்தின் திறனாய்வு

1. முன்னுரை

இயற்கைக் காட்சியைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்புகளை ஆராயுமிடத்து, திறனாய்வாளர் இருவகைப் பிழைகளுக்கு ஆளாதல் உண்டு. காட்சியை வெறும் பின்னணி என்று கொண்டு, அதனுள் ஆராய்தற்குரிய பொருள் ஒன்றும் இல்லையெனக் கடந்து செல்லுதல் ஒன்று. படைத்தோனின் வாழ்க்கையில் கேட்டறிந்த செய்தி ஒன்றைக் கொணர்ந்து காட்சியின்மேல் ஏற்றி, அச்செய்தியையே படைப்பின் பொருளாக உரைத்தல் மற்றொன்று. முன்னையது காணாமையால் வருவது. பின்னையது காண்பதற்கு முன்னரே துணிந்துவிடுவதால் வருவது. இலக்கியத் திறனாய்விலும் இவ்விரு பிழைகளும் காணப்படுதலின், இவற்றைப் பிறிதொரு கலையின்வழி ஆராய்தல் நமக்குப் பயன் தருவதாகும்.

அவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருந்தியதோர் எடுத்துக்காட்டு, ஆலந்து நாட்டு ஓவியர் மெய்ண்டர்ட் ஹாபெமா 1689ஆம் ஆண்டில் தீட்டிய ‘மிடல்ஹார்னிஸ் சாலை’ என்னும் ஓவியம். அதில் போரில்லை, புராணக் கதையில்லை, அரசரும் அடியாரும் இல்லை. ஓர் ஊருக்குச் செல்லும் நாட்டுப்புறச் சாலையும், அதன் இருமருங்கும் நின்ற மரங்களும், மேலே விரிந்த வானமுமே உள்ளன. எனினும் மேலை நாட்டு நிலக்காட்சி ஓவியங்களுள் மக்கள் உள்ளத்தில் நீங்காது நிலைத்தவற்றுள் இதுவும் ஒன்று. ஒரு வெறுஞ்சாலைக்கு இத்தகைய ஆற்றல் எவ்வாறு வாய்த்தது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

2. ஓவியமும் ஓவியரும்

இவ்வோவியம் கித்தானில் நெய்வண்ணத்தால் தீட்டப்பெற்றது. உயரம் 103.5 சென்டிமீட்டர், அகலம் 141 சென்டிமீட்டர். இங்கிலாந்தின் முதலமைச்சராக விளங்கிய இராபர்ட் பீல் என்பாரின் தொகுப்பில் இருந்த இதனை 1871ஆம் ஆண்டில் இலண்டன் தேசிய ஓவியக்கூடம் விலைக்குப் பெற்றது. அன்று முதல் அங்கேயே இருந்து வருகின்றது.

ஹாபெமா 1638ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தவர். நிலக்காட்சி ஓவியத்தில் தலைசிறந்து விளங்கிய யாக்கோப் ஃபான் ரௌஸ்டாலிடம் பயின்றவர். ஆசிரியரின் காடுகள் கருமுகிலும் கடுங்காற்றும் கொண்டு நம்மை அச்சுறுத்துவன. மாணவரின் காடுகளோ ஒளி புகுந்த காடுகள். நீராலைகள், மரநிழலில் வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதைகள், இலைகளின் இடையே தோன்றும் குடிசைகள் ஆகியவையே அவர்தம் கைவந்த பொருள்கள். 1668ஆம் ஆண்டில் அவர் மணம் செய்துகொண்டார். அவ்வாண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் நகர ஆட்சியின்கீழ், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் மதுப் பீப்பாய்களை அளந்து கணக்கிடும் பணியில் அமர்ந்தார். அதன்பின் அவர் தீட்டியவை மிகச் சிலவே. 1709ஆம் ஆண்டில் வறியவராய் மறைந்தார்.

இவ்வாழ்க்கைச் செய்திகளை இங்கு வரிசைப்படுத்தியது அவற்றைக் கொண்டு ஓவியத்தை விளக்குதற்கு அன்று. இச்செய்திகளுள் ஒன்று நெடுங்காலம் அறிஞரை எவ்வாறு வழிதவறச் செய்தது என்பதைப் பின்னர்க் காட்டுதற்கேயாம். முதலில் ஓவியத்தைக் காண்போம்.

3. காட்சி அமைதி

ஓவியத்தின் அடிவிளிம்பில் அகன்று தொடங்கும் சாலை, ஏறத்தாழ நடுவில், நம் கண்ணுக்கு நேராகச் சென்று, தொடுவானத்தை அணுகுமிடத்தில் சுருங்கி மறைகின்றது. மண்சாலையாதலின் வண்டிச் சக்கரங்கள் பதித்த தடங்கள் அதன்மேல் தெளிவாகத் தெரிகின்றன. இருபக்கமும் நீர் வடியும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. வாய்க்கால்களை ஒட்டி மெலிந்து நெடிதுயர்ந்த மரங்கள் இரு வரிசையாக நிற்கின்றன. அம்மரங்களின் கீழ்க்கிளைகள் கழிக்கப்பட்டுள்ளன. உச்சியில் மட்டும் இலைக்கொத்துகள் எஞ்சியுள்ளன. ஆதலின் தடித்த நிழல் இல்லை. மரங்களின் இடையே வானம் தடையின்றித் தெரிகின்றது.

நிலமோ முற்றும் சமதளம். குன்றும் இல்லை, மேடும் இல்லை. தொடுவானம் தாழ்ந்து கிடக்க, ஓவியப் பரப்பில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை வானமே கொள்கின்றது. இத்தகைய நிலத்தை வரையும் ஓவியர்க்கு உள்ள இடர்ப்பாடு பெரிது. கண்ணை நிறுத்துதற்கு உயர்ந்த பொருள் எதுவும் நிலத்தில் இயல்பாக இல்லை. நிலமும் வானமும் இரு கிடைக்கோட்டுப் பட்டைகளாகப் பிரிந்துபோகும். ஹாபெமா மரவரிசைகளைக் கொண்டே அவ்விடரைத் தீர்த்தார். மரங்கள் நிலத்தில் வேரூன்றி வானத்திற்குள் உயர்கின்றன. அதனால் இரண்டாகப் பிளந்து நின்றிருக்க வேண்டிய காட்சி ஒன்றாகப் பிணைகின்றது. சாலை நம்மை உள்ளே இழுத்துச் செல்ல, மரங்கள் நம்மை அண்ணாந்து நோக்கச் செய்கின்றன. ஒரே நேரத்தில் நெடுந்தொலைவையும் பேருயரத்தையும் நாம் உணர்தற்குக் காரணம் இதுவே.

அண்மைக் காலத்தில் டேவிட் ஹாக்னி என்னும் ஆங்கிலேய ஓவியர் இவ்வோவியத்தைத் தழுவி 2017ஆம் ஆண்டில் புதிய படைப்பொன்றை ஆறு கித்தான்களாகப் பிரித்து இயற்றினார். பழைய ஓவியம் ஒரே கட்டத்துள் அடங்கியிருப்பினும், அதனைக் காண்பவரின் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதற்கு அப்புதிய படைப்பு நல்ல சான்றாகும்.

இனி, இரு பக்கமும் ஒத்திருப்பதுபோல் முதற்பார்வைக்குத் தோன்றினும், உற்று நோக்குவோர்க்கு வேற்றுமை புலனாகும். மரங்கள் ஒரே உயரத்தின அல்ல. சில சற்றே சாய்ந்துள்ளன. ஒவ்வொன்றின் உச்சியும் தனக்கென ஒரு வடிவம் கொண்டது. இடப்புறத்தில் காடு அடர்ந்துள்ளது. அப்பாலே ஊரின் கோவில் கோபுரம் எழுகின்றது. வலப்புறத்தில் மனிதக் கை திருத்திய தோட்டம். அதில் இளங்கன்றுகள் நேர்வரிசையில் நடப்பட்டுள்ளன. ஒருவர் குனிந்து அக்கன்றுகளைப் பேணுகின்றார். அதற்கும் அப்பால் பண்ணை வீடுகள். பிரிந்து செல்லும் பாதையில் ஆணும் பெண்ணுமாக இருவர் நின்று உரையாடுகின்றனர். சாலையின் நடுவே, தோளில் துப்பாக்கியும் உடன்வரும் நாயுமாக ஒருவர் நம்மை நோக்கி நடந்து வருகின்றார்.

இவருள் எவர்க்கும் ஓவியர் தனிச்சிறப்புத் தரவில்லை. முகங்கள் தெளிவாகத் தீட்டப்பெறவில்லை. எனினும் அவர்களை நீக்கிப் பார்த்தால் ஓவியம் உயிரிழந்துவிடும். நாம் உள்நோக்கிச் செல்ல, ஒருவர் வெளிநோக்கி வருகின்றார். சாலை என்பது போதற்கும் வருதற்கும் உரியது என்னும் உண்மை அவ்வொரு சிறு உருவத்தால் நிறுவப்படுகின்றது.

4. நீக்கப்பெற்ற மரங்கள்

ஊடுகதிர் கொண்டு இவ்வோவியத்தை ஆராய்ந்தபொழுது ஒரு செய்தி வெளிப்பட்டது. ஓவியர் முதலில் சாலையின் முன்பகுதியில் பக்கத்திற்கு ஒன்றாக மேலும் இரண்டு மரங்களைத் தீட்டியிருந்தார். பின்னர் அவற்றின்மேல் வண்ணம் பூசி அவற்றை மறைத்துவிட்டார்.

அவ்விரு மரங்களும் இருந்திருப்பின் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவை நமக்கு மிக அண்மையில், மிகப் பெரியனவாய், வாயிற்றூண்கள்போல் நின்றிருக்கும். காண்போர் வாயிலுக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்ப்பவர் ஆகியிருப்பர். ஓவியமும் சட்டமிட்ட காட்சியாய், நாடக மேடையாய்க் குறுகியிருக்கும். அவை நீங்கியமையால் சாலையின் முன்பகுதி திறந்து கிடக்கின்றது. நாம் சாலையைப் பார்க்கும் நிலையினின்றும் மாறிச் சாலையின்மேல் நிற்கும் நிலைக்கு வருகின்றோம். காண்போரையும் காட்சிக்குள் ஓர் உறுப்பாக்கியது இந்நீக்கமே.

மேலும் ஒரு பயன் உண்டு. முதல் மரம் நமக்குச் சற்றுத் தொலைவில் தொடங்குதலின், ஒவ்வொரு மரமும் அடியிலிருந்து முடிவரை முழுமையாகக் கண்ணுக்குள் அடங்குகின்றது. மரத்தின் முழு உருவத்தைக் காணும்போதே அது நெடிது என்னும் உணர்வு நமக்கு உண்டாகும். அடிமரம் மட்டும் கண்ணை மறைப்பின் அது பருமையை உணர்த்துமேயன்றி உயரத்தை உணர்த்தாது.

செய்யுளைத் திருத்தும் புலவர்க்கும் இது பாடமாகும். சேர்ப்பதால் மட்டும் பொலிவு வருவதில்லை. நன்றாக அமைந்த ஒன்றையும் முழுமையின் பொருட்டு நீக்கும் துணிவு வேண்டும். நீக்கப்பெற்ற அவ்விரு மரங்களும் தம்மளவில் குறையுடையன என்று கொள்ளுதற்குச் சான்று இல்லை. அவை இடம்பெற்ற இடமே குறையாயிற்று.

5. காலத் துணிபு

ஓவியத்தில் கையொப்பத்தோடு ஆண்டும் எழுதப்பெற்றுள்ளது. ஆனால் அவ்வாண்டின் மூன்றாம் இலக்கம் தெளிவாக இல்லை. 1669 எனவும் 1689 எனவும் இருவகையாகப் படித்தனர். வெறும் ஓர் இலக்கத்தைப் பற்றிய வேறுபாடு எனினும், இடையே இருபது ஆண்டுகள் உள்ளன.

1669 என்று கொண்டோர்க்கு ஓவியரின் வாழ்க்கைச் செய்தி துணை நின்றது. 1668இல் அளவைப் பணியை ஏற்றபின் ஹாபெமா தூரிகையைக் கைவிட்டார் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. தொழிலைக் கைவிட்ட ஒருவர் இருபது ஆண்டுகள் கழித்துத் தம் தலைசிறந்த படைப்பை ஆக்கினார் என்பது நம்புதற்கு அரிதாகத் தோன்றியது. ஆகவே தெளிவில்லாத இலக்கத்தை, தெளிவாக இருந்த கதைக்கு இயையப் படித்தனர்.

இப்பூசலைத் தீர்த்தது ஓவியத்தில் உள்ள பொருள்களேயாம். மிடல்ஹார்னிஸ் சாலையின் மரங்கள் 1664ஆம் ஆண்டில் நடப்பெற்றவை. ஓவியம் 1669இல் தீட்டப்பெற்றதாயின் அவை ஐந்தாண்டுக் கன்றுகளாகவே இருந்திருக்கும். ஓவியத்தில் நாம் காண்பனவோ வானளாவ நிற்பவை; கிளை கழிக்கப்பட்ட முதிர்ந்த மரங்கள். மேலும், தொலைவில் கடற்கரைப் பக்கத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் அடையாளத் தூண் ஒன்று காணப்படுகின்றது. அது 1682ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நிறுவப்பெறாத தூணை ஓவியர் முன்கூட்டியே கண்டு தீட்டியிருத்தல் இயலாது. ஆதலின் 1689 என்பதே பொருந்தும் எனத் துணியப்பட்டது.

இதனால் அறியத்தக்கது யாது? அறிஞர் ஏமாந்தது அறியாமையால் அன்று. ஒரு கதையை அளவுக்கு மீறி நம்பியதால். மரங்கள் தம் அகவையைத் தாமே தாங்கி நின்றன. கண்டு கேட்பாரே இல்லாதிருந்தனர். நூல்களின் காலத்தைத் துணியப் புகும் நம்மனோரும் இதனை நினைவில் கொள்ளுதல் நலம். ஆசிரியரைப் பற்றி வழங்கும் வரலாறு எத்துணை இனிமையுடையதாயினும், நூலின் உள்ளே உள்ள அகச்சான்றும் அதற்கு வெளியே உறுதிப்பட்ட புறச்சான்றும் அதற்கு மாறாக நிற்குமாயின், வரலாறே விலகிக்கொள்ளுதல் வேண்டும்.

காலம் துணியப்பட்டமையால் பயன் மற்றொன்றும் விளைந்தது. ஹாபெமா பணியேற்றபின் முற்றும் ஓய்ந்துவிட்டார் என்ற முடிபு தளர்ந்தது. படைப்பைக் கொண்டு வாழ்க்கை வரலாறு திருத்தம் பெற்றதேயன்றி, வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு படைப்பு விளக்கம் பெறவில்லை.

6. நிலமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கணம் வகுத்த நெறி. அந்நெறி அகப்பாடலுக்கு உரியது. அயல்நாட்டு ஓவியத்திற்குத் திணை வகுத்தல் நம் நோக்கமன்று. எனினும் ஒரு காட்சியை நோக்குவோர் முதலில் இவ்விரண்டையும் வினவுதல் வேண்டும் என்னும் பயிற்சியை அந்நெறி நமக்குத் தந்துள்ளது. அவ்வினாக்களை இங்கு எழுப்புவோம்.

இந்நிலம் எத்தகையது? மிடல்ஹார்னிஸ் என்னும் ஊர் தென் ஆலந்துப் பகுதியில், ஆறுகள் கடலொடு கலக்கும் இடத்தில், குரே-ஓவர்ஃப்ளாக்கே என்னும் தீவில் உள்ளது. அங்குள்ள விளைநிலம் கடலுக்கு எதிராகக் கரையெழுப்பி மக்கள் மீட்ட நிலம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தாலன்றி அது நிலமாக நிலைத்திராது. ஓவியத்தில் சாலையின் இருபக்கமும் ஓடும் வாய்க்கால்கள் அழகுக்காக வரையப்பட்டவை அல்ல. அவையே அந்நிலத்தின் உயிர்நாடி. 1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவிலும் மறுநாளிலும் வடகடல் கரைகளை உடைத்துப் பாய்ந்தபொழுது நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டனர். பெருந்துயருற்ற இடங்களுள் இத்தீவும் ஒன்று. ஓவியத்தில் அமைதியாகக் கிடக்கும் சமநிலம் எத்துணை விழிப்பினால் காக்கப்பட்டு வருகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனிப் பொழுது. இங்குப் பொழுது என்பது பகலின் ஒளி மட்டுமன்று. 1664இல் நட்ட மரங்கள் 1689இல் நிற்கின்றன; இருபத்தைந்து ஆண்டுகள் அம்மரங்களின் உயரமாகவே நம்முன் காட்சியளிக்கின்றன. வலப்புறத் தோட்டத்திலோ கன்றுகள் இப்பொழுதுதான் தலையெடுக்கின்றன. முன்னர் நட்டவை வானத்தைத் தொட, இப்பொழுது நடுபவை நிலத்தோடு ஒட்டியிருக்கின்றன. குனிந்து கன்று பேணுபவரை ஓவியர் அவ்விடத்தில் நிறுத்தியது இதனை உணர்த்தவே என்று அறுதியிட்டுக் கூறுதற்கு இல்லை. ஆயினும் இரண்டையும் ஒருங்கு காணும் கண்ணுக்கு அத்தொடர்பு தப்பாது. நேற்று நட்டவரின் உழைப்பினூடே இன்று நடப்பவர் வருகின்றார். நாளை நடப்பவர்க்காக இன்று ஒருவர் நடுகின்றார்.

எனவே இதனை இயற்கைக் காட்சி என்று மட்டும் கூறின் பாதியே கூறியவர் ஆவோம். நிலம் மக்கள் மீட்டது. வாய்க்கால் மக்கள் வெட்டியது. மரம் மக்கள் நட்டது. சாலை மக்கள் இட்டது. மனிதன் ஆக்காதது வானம் ஒன்றே. அவ்வானத்தின்கீழ் மனித முயற்சி தாழ்ந்து தோன்றவில்லை. தருக்கி நிற்கவும் இல்லை. தன் அளவில் நேராக நிற்கின்றது. இவ்வோவியத்தின் உள்ளீடு யாது என்று கேட்போர்க்கு, ஊர் கூடிச் செய்த நெடுங்கால உழைப்பே என்பது நம் விடை.

7. இரு தடைகளும் விடைகளும்

இதற்கு இரு தடைகள் எழக்கூடும். இவ்வோவியத்தின் சிறப்பெல்லாம் தொலைவைத் தோற்றுவிக்கும் கணக்குத் திறனே. கோடுகளை ஒரு புள்ளியில் கூட்டுதல் பயின்றவர் எவர்க்கும் எளிது என்பது முதல் தடை. கோடுகளைக் கூட்டுதல் எளிதே. ஆனால் கணக்கு மட்டுமே இதன் சிறப்பாயின், மரங்கள் யாவும் ஒரே வார்ப்பினவாய் இருந்திருக்கும். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனி உயிராகத் தீட்டிய கை கணக்கோடு நின்றுவிட்ட கையன்று. விதியும் விலகலும் ஒருங்கு அமைந்தமையே இதன் ஓசைநயம் எனலாம். யாப்பு வழுவாமலும், எந்திரம்போல் ஒலிக்காமலும் செல்லும் செய்யுளை அறிந்தவர்க்கு இது விளங்கும்.

முதுமையை அணுகிய ஓவியர் தம் வாழ்க்கைப் பயணத்தையே சாலையாக வரைந்தார். இது ஒரு விடைபெறல் என்பது சிலர்க்குத் தோன்றக்கூடிய கருத்து. பீப்பாய் அளந்த கண்ணே இச்சாலையையும் அளந்தது என்று கூறவும் நா எழும். இவை கேட்பதற்கு இனியவை. ஆயினும், 1669 என்று படிக்கச் செய்த அதே மயக்கமே இங்கும் வேறு உருவில் வருகின்றது. அன்று ‘அவர் ஓய்ந்துவிட்டார்’ என்ற கதை ஆண்டை மாற்றியது. இன்று ‘அவர் விடைபெறுகின்றார்’ என்ற கதை பொருளை மாற்ற முற்படுகின்றது. சாலையில் எதிரே வருபவர் நம்மை நோக்கி நடந்து வருகின்றார்; கன்றுகளைப் பேணுபவர் பல்லாண்டுக்குப் பின் பயன் தரும் வேலையில் ஈடுபட்டுள்ளார். விடைபெறும் குறிப்பு ஓவியத்தின் எப்பகுதியில் உள்ளது என்று காட்டுதல் அவ்வாறு உரைப்போர் கடன்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மிடல்ஹார்னிஸ் சாலை ஓவியத்தின் ஆற்றல் அது காட்டும் பொருளின் எளிமைக்கு மாறாகத் தோன்றிய ஒன்றன்று. அவ்வெளிமையை ஓவியர் முழுதும் நம்பியதால் தோன்றியது. சமநிலத்தின் வெறுமையை மரவரிசை கொண்டு நிலமும் வானமுமாக இணைத்தார்; முன்னிருந்த இரு மரங்களை நீக்கி நம்மைச் சாலையில் நிறுத்தினார்; மரங்களின் உயரத்தால் ஆண்டுகளைக் காணச் செய்தார். அவ்வுண்மைத்தன்மையாலேயே, பின்வந்தோர் இலக்கத்தைத் தவறாகப் படித்தபொழுதும் ஓவியத்தின் மரங்களே சான்று பகர்ந்து அத்தவற்றைத் திருத்தின.

கண்டதை முதலில் காணல். கண்டவற்றிடையே உள்ள இயைபை அடுத்து ஆராய்தல். கேட்டறிந்ததை இறுதியில், கண்டதற்கு மாறுபடாத அளவில் மட்டும் கொள்ளுதல் என்னும் முறையே திறனாய்வுக்கு உரிய நேர்வழி. ஓவியமாயினும் பாட்டாயினும் அவ்வழி வேறன்று. காட்சி வருணனை என்று நாம் விரைந்து கடந்துபோகும் பகுதிகளில் எத்தனை மரங்கள் தம் அகவையைத் தாங்கிக் கேட்பாரின்றி நிற்கின்றனவோ என்னும் எண்ணத்தோடு நம் நூல்களை மீண்டும் நோக்குவோமாயின், இவ்வயல்நாட்டுச் சாலையில் நடந்த நடை வீணாகாது.